“சிஸ்டர், நீங்க பார்த்துக்கிட்டீங்களா?”

காட்டுப்பாக்கம் பக்கம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனைக்குப் பெண்களைக் கூப்பிடப் போனால், தலைப்பில் இருக்கும் கேள்வி கட்டாயம் வரும். “பார்த்துக்கிட்டேன்க்கா, ரெண்டு நிமிஷம்தான்” என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் முப்பது வயது தாண்டிய செவிலியர் யார் புதிதாக வந்தாலும், முதலில் நீங்கள் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமியைப் பற்றி மணிக்கணக்கில் வகுப்பெடுப்பவர்கள்கூட இங்கேதான் நழுவுவார்கள். “எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே மேடம்!”

ஒன்றும் இல்லாதபோது செய்ய வேண்டியதுதானே இது. கிருமி தொற்றி, அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ரத்தக்கசிவு தெரியும்வரை காத்திருந்தால் அந்த அவகாசம் வீணாகிவிடும்.

“டாக்டர் பார்க்க வேண்டியதை நாம எப்படி?” என்று தயங்குபவர்களிடம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை ஆய்வைச் சொல்வேன். அங்கே கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் வினிகர் டெஸ்ட்டைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள்தான். இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழில் வெளியானது. ஆனாலும் 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30–49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். நாட்டுச் சராசரி 1.9 என்பதால் நாம் தேவலையாம். இதில் என்ன பெருமை?

டெஸ்ட் சுலபம், அவசரப்படுவதுதான் கெடுக்கும். அசிட்டிக் அமிலக் கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். தடவியபின் ஒரு முழு நிமிடம் பொறுங்கள், நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மாதவிடாய் நின்று பல வருடமான அம்மாக்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போயிருக்கும். அதைப் பார்க்காமல் நெகட்டிவ் என்று எழுதிவிடாதீர்கள்.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இது தெரிந்த செவிலியர்கூட முகத்தைச் சுளித்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவதுண்டு. “வெள்ளையா ஒரு இடம் தெரியுது, பெரிய ஆஸ்பத்திரியில லென்ஸ் வச்சுப் பார்ப்பாங்க” என்றால் போதும். வீட்டு வேலைக்கும் கம்பெனிக்கும் போகிறவர்களுக்கு அங்கே போய்வந்தால் ஒருநாள் சம்பளம் போய்விடும். அதனால் சீட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாமல், லீவு என்றைக்கு என்று கேட்டுத் தேதியை அதிலேயே எழுதுங்கள். போன் நம்பரை வாங்கும்போது, அதை வீட்டில் வேறு யாராவது எடுப்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.