ஒரே மேட்ச்சில் முடிந்துபோகும் சீசன்

ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லிப் பக்கம் கல்லூரியில் சேர்ந்து, ஃபுட்பால் டீமில் பேர் கொடுக்கப்போகும் தம்பிகளுக்கு:

1. டிவியில் இங்கிலீஷ் லீக்கைப் பார்த்துவிட்டு, சீசன் என்றால் ஆகஸ்டில் ஆரம்பித்து மே வரை ஓடும் என்று நினைத்து வராதே. நமக்குக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். அக்டோபர் பாதியில் மழை இறங்கிவிடும், அதன் பின்னாலேயே செமஸ்டர் வரும். முதல் மேட்ச்சில் செட் ஆகிக்கொள்ளலாம் என்ற பேச்சே இங்கே கிடையாது. ஜூலையிலேயே மூச்சும் காலும் தயாராக இருக்க வேண்டும்.

2. காகித வேலையை பி.டி. சார் தலையில் கட்டாதே. பிளஸ் டூ மார்க் ஷீட் நகல், போட்டோ, முதல்வர் கையெழுத்து எல்லாம் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். ஓ.டி. (ஆன் டியூட்டி) லெட்டரைத் துறைத்தலைவரிடம் மேட்ச்சுக்கு முன்பே கொடு. அட்டெண்டன்ஸ் 75-க்குக் கீழே போனபின் கெஞ்சிப் பயனில்லை. ஐ.டி. கார்டை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்து, கோட்டுக்கு வெளியே நின்று தன் டீம் தோற்பதைப் பார்த்த ஸ்ட்ரைக்கர்கள் உண்டு.

3. இதைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டும். அம்பத்தூரில் மூலைக்கொரு டர்ஃப் வந்துவிட்டது. ராத்திரி லைட் வெளிச்சத்தில் ஐந்து பேர் ஆட்டம், சுற்றிலும் வலை, ஆஃப்சைடும் பார்ப்பதில்லை. அங்கே ராஜாவாக இருப்பவன் பதினொரு பேர் ஆட்டத்தில் பத்தே நிமிடத்தில் காணாமல் போவான். டர்ஃப் பழக்கத்தில் எல்லோரும் பந்தைச் சுற்றி மொய்ப்பார்கள். விங் காலியாகக் கிடக்கும். மண் கிரவுண்டில் பந்து சின்னக் கல்லில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. அதே பழக்கத்தில் உள்ளங்காலால் மிதித்து நிறுத்தப் பார்த்தால் காலுக்கு அடியிலேயே நழுவிவிடும். பந்தை எதிர்கொண்டு போய், பாதத்தின் உட்பக்கத்தால் வாங்கு. வாரத்தில் இரண்டு நாளாவது மதிய வெயிலில், மண்ணில் ஆடு. காய்ந்த தரைக்குக் குட்டை ரப்பர் ஸ்டட்ஸ் போதும். நீளமானது குதிகாலைப் பதம் பார்க்கும். மழைக்குப் பிறகு ஸ்டட்ஸ் இடுக்கில் களிமண் அப்பி, ஷூ இரண்டு மடங்கு கனக்கும். ஹாஃப் டைமில் கதை பேசாமல் ஒரு குச்சியை எடுத்துச் சுரண்டு.

4. எல்லோருக்கும் ஸ்ட்ரைக்கர் ஆசை. லெஃப்ட் பேக்குக்கு ஆளில்லை. கேட்டால் ஒத்துக்கொள், முதல் வருடமே இடம் கிடைக்கும்.

5. டிரா ஆனால் டை-பிரேக்கர். கோல் அகலம் 7.32 மீட்டர், பெனால்டி அடிக்கும் தூரம் 11 மீட்டர். உடம்பு தளராமல் இருக்கும்போது அடிப்பது பெரிய விஷயமில்லை. பிராக்டிஸ் முடிந்து, கால் நடுங்கும்போது ஆளுக்கு ஐந்து அடித்துவிட்டு வீட்டுக்குப் போ.

6. முட்டியில் 'டப்' என்று சத்தம் கேட்டு, அன்றைக்கே வீங்கினால் லிகமென்ட்டாக இருக்கலாம். உடனே யாராவது புத்தூர் கட்டுக்கு இழுப்பார்கள். ஐஸ் வை, எக்ஸ்ரே எடு, எலும்பு டாக்டரைப் பார். கட்டுக்குள் மறைந்த லிகமென்ட் காயம் அடுத்த சீசனையும் சேர்த்துத் தின்றுவிடும்.

7. மேட்ச் நாளில் கேன்டீன் பரோட்டா வேண்டாம். இட்லி, வாழைப்பழம், உப்புப் போட்ட மோர் போதும். ஊருக்குள் மேட்ச் என்றால், ஆபீஸ் கூட்டத்துக்கு முந்தைய ரயிலைப் பிடி. கல்லூரிப் பேரிலேயே 'இந்து காலேஜ்' என்று ஸ்டேஷன் வாய்த்த ஏரியா நம்முடையது. அதற்காக ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிடாது!

8. கல்லூரி தோற்றாலும் நீ ஆடலாம். பல்கலைக்கழக அணித் தேர்வாளர்கள் தோற்ற டீமையும் பார்ப்பார்கள். அங்கே இடம் கிடைத்தால் தென்மண்டலப் போட்டி. சென்னை ஃபுட்பால் அசோசியேஷன் லீக்கில் கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கும் ஆள் தேவைப்படும். வியாசர்பாடியிலிருந்து போன நந்தகுமார் சேகர்தான் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலைப் போட்டார். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டே போலீஸில் எஸ்.ஐ. ஆனவர். தமிழக அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம்; அதற்கு எந்த மட்டத்துப் போட்டிச் சான்றிதழ் செல்லும் என்பதை இப்போதே பி.டி. சாரிடம் கேட்டு வை. வாங்கிய சான்றிதழை லேமினேட் செய்யாதே; சரிபார்க்கும்போது சில இடங்களில் தகராறு பண்ணுவார்கள்.