அப்பளக் கட்டும் ரொக்கப் பட்டுவாடாவும்

தேனி, போடி, கம்பம் வட்டாரக் கடைகளுக்கு மகளிர் சுயஉதவிக் குழுவினர் அப்பளம், வடகம், மசாலாப் பொடி கொண்டு வருவது நாம் அறிந்ததே. இரக்கப்பட்டு நாலு கட்டு வாங்கி வைக்கிறோம். விற்றால் பணம், இல்லையேல் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். சில மாதங்களில் அந்தக் குழு வருவது நின்றுவிடுகிறது. தொழில் தெரியாதவர்கள் என்று நாம் பேசிக்கொள்கிறோம். அவர்களுடைய சொற்ப முதல் நம் கடை அலமாரியில் முடங்கிப் போனதை மறந்துவிடுகிறோம்.

பம்பாய் கிர்காம் பகுதியில் 1959 மார்ச் 15 அன்று ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் சரக்கு நான்கே பொட்டலம். வாங்கியவர் புலேஸ்வரில் அவர்களுக்குத் தெரிந்த ஒரு வியாபாரி. பின்னர் லிஜ்ஜத் என்று பெயர் பெற்ற அந்த நிறுவனத்தில் இன்று சுமார் 45,000 பெண்கள் உறுப்பினர்கள். நன்கொடை கேட்பதில்லை என்று அவர்கள் தொடக்கத்திலேயே உறுதி செய்துகொண்டார்கள். ஆரம்பத்தில் மட்டரகம் ஒன்றையும் குறைந்த விலைக்கு விற்றார்கள். தரம் ஒன்றே இருக்கட்டும் என்று ஆலோசனை சொன்னவர் சகன்லால் கரம்சி பாரேக். முதல் ஆண்டு மழையில் நான்கு மாதம் வேலை நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டிலில் அப்பளத்தைப் பரப்பி அடியில் அடுப்பு மூட்டிக் காய வைத்தார்கள்! காலையில் பிசைந்த மாவை வாங்கிப் போய் வீட்டில் இட்டு, மறுநாள் எடை போட்டுக் கொடுத்ததும் கூலி கைக்கு வரும். லாப நஷ்டமும் உறுப்பினர்களுக்கே.

போடியில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களுக்கு வரத்து உள்ள மாதங்களில்தான் கை நிறைய வேலை. மற்ற மாதங்களுக்கு அப்பளம் போன்ற வீட்டுத் தொழில் உதவும். அதற்கு நாம் செய்யக்கூடியது அதிகமில்லை. ஐந்தாறு கடைக்காரர்கள் சேர்ந்து, மாதம் எத்தனை கிலோ தேவை, அப்பளம் என்ன அளவு, எத்தனை மெல்லிசு என்று முன்கூட்டியே சொல்லலாம். உளுந்தை மொத்த விலைக்கே கொடுத்து, சரக்கு வரும்போது கழித்துக்கொள்ளலாம். மீதியை அன்றே ரொக்கமாகத் தர வேண்டும்.

குழுக்கள் மீதும் குறை உண்டு. ஒரு வாரம் உப்பு தூக்கல், மறு வாரம் சப்பென்று இருக்கும். வாடிக்கையாளர் நம்மைத்தான் கேட்பார். பொட்டலத்தில் எடை, தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இல்லாத சரக்கை எவ்வளவு வேண்டியவர்கள் கொண்டு வந்தாலும் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற குறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லையேல் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். அப்பளக் குழுவுக்கு 15 நாளே நீண்ட தவணை என்பது நம் கருத்து.

பேச்சை மாசி மாதத்திலேயே முடிப்பது நல்லது. நம் பள்ளத்தாக்கில் ஆனியில் சாரல், ஐப்பசியில் அடைமழை. வெயில் உள்ளபோதே இரண்டு மாதச் சரக்கைக் காய வைத்துக்கொள்ளலாம்.