மண்ணீரலைக் காட்டும் ஒலி

மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூருக்கு மிதிவண்டியில் செல்லும் மாணவன் ஒருவன் வழியில் சறுக்கி விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியின் முனை அவனது இடப்புற மேல்வயிற்றில் இடிக்கிறது. தோலில் காயமில்லை, எழுந்து பள்ளிக்குச் சென்றுவிடுகிறான். சிறிது நேரத்தில் வயிறு வலிக்கிறது. இடத் தோளும் வலிக்கிறது! அடிபட்டது வயிற்றில்; தோள் ஏன் வலிக்க வேண்டும்?

விடை மண்ணீரலில் இருக்கிறது. இடப்பக்கம் 9 முதல் 11 வரையுள்ள விலா எலும்புகளுக்கு உட்புறம், உதரவிதானத்தை ஒட்டி இது அமைந்துள்ளது. பெரியவர்களுக்கு இதன் எடை ஏறத்தாழ 150 கிராம். முதிர்ந்த சிவப்பணுக்களை அகற்றுவதும், இரத்தத்தில் புகுந்த கிருமிகளை வடிகட்டுவதும் இதன் பணிகள். எனவே இதில் எப்போதும் இரத்தம் நிறைந்திருக்கும். இதன் மெல்லிய உறை கிழிந்தால் இரத்தம் வயிற்றறைக்குள் கசியும். அது உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்தின் நரம்பும் தோளின் நரம்பும் தண்டுவடத்தின் ஒரே பகுதியைச் சேர்வதால், வலி தோளில் இருப்பதாக மூளை உணர்கிறது.

வெளியே ஒரு துளி இரத்தமும் தெரியாத இந்த ஆபத்தை மருத்துவர் எவ்வாறு காண்கிறார்? முதலில் உதவுவது மீயொலி. நம் செவி 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். வயிற்றைப் படமெடுக்கும் ஒலியோ பெரும்பாலும் நொடிக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் அதிர்வுகள் கொண்டது. வயிற்றின்மீது வைத்த கருவி இவ்வொலியை உள்ளே அனுப்பி, எதிரொலிகளைப் படமாக்குகிறது. திசுக்கள் சாம்பல் நிறமாகத் தெரியும்; புதிதாகத் தேங்கிய இரத்தம் எதிரொலி தராததால் கறுப்பாகத் தெரியும். சில நிமிடங்களில், நோயாளியின் படுக்கையருகிலேயே இதைச் செய்துவிடலாம்.

ஆனால் சிறு கிழிசல் இதில் தப்பிவிடக்கூடும். ஆகவே இரத்த அழுத்தம் நிலையாக இருப்பவருக்கு அடுத்து சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். ஹவுன்ஸ்பீல்டு இங்கிலாந்தில் உருவாக்கிய இக்கருவி 1971-இல் முதல் நோயாளியைப் படமெடுத்தது. 1979-இல் அவரும் கார்மாக்கும் நோபல் பரிசு பெற்றனர். அயோடின் சேர்ந்த மருந்தைச் சிரையில் செலுத்தி எக்ஸ் கதிர்ப் படமெடுத்தால், கிழிசல் கறுத்த கோடாகவும், இரத்தம் ஒழுகுமிடம் வெளிச்சமாகவும் தெரியும். அழுத்தம் சரிந்துகொண்டே போனால் இதற்கெல்லாம் நேரமில்லை. உடனே அறுவை மருத்துவம்தான்.

முன்பெல்லாம் கிழிந்த மண்ணீரலை அகற்றிவிடுவதே வழக்கம். அகற்றப்பட்டவரைச் சில கிருமிகள் கடுமையாகத் தாக்கக்கூடும். அவருக்குத் தடுப்பூசிகள் தேவை. இன்றோ காயத்தின் அளவைப் படத்தில் அறிந்து, பலரை, குறிப்பாகச் சிறுவர்களை, அறுவையின்றியே மருத்துவமனையில் கண்காணித்துக் குணமாக்குகிறார்கள்.

ஆனால், அடிபட்டதை மறைப்பவருக்கு எந்தக் கருவியும் உதவாது. சிலருக்குப் பல நாட்கள் கழித்தும் இரத்தம் கசியத் தொடங்கலாம். வயிற்றில் பலமாக அடிபட்டால் திட்டுக்கு அஞ்சாமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். மயக்கமோ கடும் வலியோ இருந்தால் 108-ஐ அழைக்கச் செய்யுங்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்: உடல் திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,540 மீட்டர். எதிரொலி 0.00013 நொடியில் திரும்பினால், அது எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது? (விடை: ஏறத்தாழ 10 செ.மீ. ஒலி போய்த் திரும்புவதால் இரண்டால் வகுக்க மறவாதீர்கள்.)