பெயரில் வாழும் இரயில் நிலையம்

நுழையும் முன்

மூணாற்றுக்குக் கிழக்கே, கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் மலைவிளிம்பில் ‘டாப் ஸ்டேஷன்’ என்னும் சிற்றூர் உள்ளது. பெயரில் நிலையம் உண்டு. ஊரில் தண்டவாளமும் இல்லை, இரயிலும் இல்லை. ஓர் ஊர்ப்பெயர் எவ்வாறு வரலாற்றுச் சான்றாகிறது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

மாடு இழுத்த இரயில்

இடுக்கி மாவட்டத்துக் கண்ணன் தேவன் மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து மலையேறி வந்த தொழிலாளர் காட்டைத் திருத்தினர், செடி நட்டனர், கொழுந்து பறித்தனர். விளைந்த தேயிலையைக் கப்பலேற்ற வேண்டுமானால், முதலில் அதை மலையிலிருந்து இறக்க வேண்டும். அதற்கான வழி கிழக்கே, போடிநாயக்கனூர்ப் பக்கம் அமைந்தது.

1902ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் இடப்பட்டது. வண்டியின் சிறிய சக்கரங்கள் தண்டவாளத்தின்மீது உருண்டன. பக்கவாட்டில் இருந்த பெரிய சக்கரம் சாலையில் உருண்டு, வண்டி சாயாமல் காத்தது. வண்டியை மாடுகள் இழுத்தன. இதே முறையில் பாட்டியாலா அரசு அமைத்த இரயிலின் நீராவி எஞ்சினைத் தில்லியிலுள்ள தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

நீராவி வந்தது

1908ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாளத்தை அகற்றி, இரண்டடி அகலமுள்ள இருப்புப்பாதையை அமைத்தனர். அதுவே குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதை. மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக நீராவி எஞ்சின்கள் தேயிலைப் பெட்டிகளை இழுத்துச் சென்றன.

நீராவி எஞ்சினின் கொதிகலனில் நீர் கொதித்து ஆவியாகிறது. அடைபட்ட ஆவி உருளைக்குள் பாய்ந்து உந்துதண்டைத் தள்ளுகிறது. அதனோடு இணைந்த கம்பிகள் சக்கரங்களைச் சுழற்றுகின்றன. பயணிகள் இரயிலை விரைந்து இழுக்கும் எஞ்சினுக்குப் பெரிய சக்கரங்கள் தேவை. சரக்கு எஞ்சினுக்கோ வேகத்தைவிட இழுவிசையே முதன்மையானது; ஆகவே அதன் சக்கரங்கள் சிறியவை.

எஞ்சின் நின்ற இடம்

வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகவும் குறைவு. சமதளத்தில் சிறிய எஞ்சினும் பெருஞ்சுமையை இழுப்பதற்கு இதுவே காரணம். செங்குத்தான சரிவில் எஞ்சின் வழுக்குவதற்கும் இதுவே காரணம்.

டாப் ஸ்டேஷனுக்கு அப்பால் மலை செங்குத்தாக இறங்குகிறது. அங்கே இரயில் நின்றது. கம்பிவடம் பணியைத் தொடர்ந்தது. பெட்டிகள் அந்தரத்தில் தொங்கியவாறு ஏறத்தாழ 5 கி.மீ. கடந்து, அடிவாரத்துக் கொட்டகுடியை அடைந்தன. மேலே இருந்தது ‘டாப் ஸ்டேஷன்’ என்றால், கீழே இருந்தது ‘பாட்டம் ஸ்டேஷன்’. அங்கிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவிலுள்ள போடிநாயக்கனூருக்குத் தேயிலை வண்டிகளில் சென்றது.

பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்திலும் இதே சிக்கல் எழுந்தது. அங்கிருந்து சாலக்குடிக்குத் தேக்குமரங்களைக் கொண்டுவரக் கொச்சி அரசு ஏறத்தாழ 80 கி.மீ. நீளமுள்ள வனப்பாதையை அமைத்தது. அது 1907ஆம் ஆண்டு முதல் இயங்கியது. எஞ்சின் செல்ல இயலாத சரிவுகளில் இரு வண்டிகளைக் கம்பிவடத்தால் பிணைத்தனர். மரம் ஏற்றிய வண்டி தன் எடையால் கீழே இறங்கும்போது, வெற்று வண்டியை மேலே இழுத்தது. மலையின் சரிவு தடையாக நின்றது. அச்சரிவையே உதவியாக மாற்றியது மனித அறிவு. அப்பாதை 1963ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

பெருவெள்ளமும் எஞ்சியவையும்

குண்டளைப் பாதையின் ஆயுள் அதைவிடக் குறைவு. 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெய்த பெருமழையால் கேரளமெங்கும் வெள்ளம் பெருகியது. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்ததால் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்பர். பதினாறே ஆண்டுகள் ஓடிய நீராவி இரயிலின் பாதை சிதைந்தது. அதனை எவரும் மீண்டும் அமைக்கவில்லை.

மூணாற்று நிலையக் கட்டடம் பிற்காலத்தில் தேயிலை நிறுவன அலுவலகமாயிற்று. அங்குள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த இரயிலின் ஒரு சக்கரம் உள்ளது. மலையுச்சியில் ஊர்ப்பெயர் எஞ்சியது.

இரயிலுக்குப் பெயர் உண்டு. நிலையத்துக்கும் பெயர் உண்டு. மண்ணை வெட்டிப் பாதை சமைத்தவர்களின் பெயர்களை நாம் அறியோம். ஆயினும், அவர்கள் பேசிய தமிழ் இன்றும் இம்மலைகளில் ஒலிக்கிறது. அதைக் கற்கும் நீங்களும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

சொற்பொருள்

இருப்புப்பாதை – இரயில் செல்லும் பாதை
இழுவிசை – இழுக்கும் ஆற்றல்
உந்துதண்டு – ஆவியால் தள்ளப்பட்டு முன்னும் பின்னும் அசையும் பகுதி
அந்தரம் – தரைக்கு மேலுள்ள வெளி

குறுவினா

1. ஒற்றைத் தண்டவாள வண்டி சாயாமல் இருந்தது எவ்வாறு?
2. சரக்கு எஞ்சினின் சக்கரங்கள் சிறியனவாக இருப்பது ஏன்?
3. ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ – பெயர்க்காரணம் கூறுக.

சிறுவினா

டாப் ஸ்டேஷனிலும் பரம்பிக்குளத்திலும் செங்குத்தான சரிவைக் கடந்த முறைகளை ஒப்பிட்டு எழுதுக.

மொழிப்பயிற்சி

பிரித்து எழுதுக: நீராவி, பெருவெள்ளம், ஊர்ப்பெயர்.
எடுத்துக்காட்டு: இருப்புப்பாதை = இரும்பு + பாதை

மாதிரி செய்வோம்

1. அட்டையால் ஒரு சரக்கு எஞ்சினின் மாதிரியை இருபதில் ஒரு பங்கு அளவில் செய்க. அப்போது இரண்டடி அகலமுள்ள தண்டவாளத்தின் இடைவெளி ஏறத்தாழ 3 செ.மீ. ஆகும். சக்கரங்களைச் சிறியனவாக அமைக்க.

2. ஓர் அட்டையைச் சாய்த்து வைத்து, அதன் உச்சியில் நூற்கண்டு உருளையைப் பொருத்துக. இரண்டு தீப்பெட்டிகளை ஒரே நூலின் இருமுனைகளிலும் கட்டி, நூலை உருளையின்மீது செலுத்துக. மேலுள்ள பெட்டியில் நாணயங்களை இடுக. எத்தனை நாணயங்கள் இட்டதும் கீழுள்ள வெற்றுப்பெட்டி மேலேறுகிறது? குறித்து வைக்க.

3. உங்கள் குடும்பத்தினர் எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக இங்கு வந்தனர் எனப் பெரியோரிடம் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.