மேடு ஏறும்போது மூச்சு வாங்குவது ஏன்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தவில் மண் சரிந்தபோது, வீடிழந்த தோட்டக் குடும்பங்கள் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தன. ஊவாவில் மண்சரிவுக்குப் பயந்து இடம் மாறுவோர் கதை அதோடு முடியவில்லை. முகாமில் பல வாரம் அடைந்து கிடந்தவர்கள் மறுபடி மம்மட்டி பிடிக்கும்போது, பாதி மேட்டிலேயே மூச்சு வாங்குகிறது. இதைச் சோம்பல் என்று சொல்வது தவறு. உடம்பு ஒட்சிசனை எப்படிப் பெறுகிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே குறை, என்ன செய்யலாம் என்பதும் விளங்கும்.

காற்றிலிருந்து இரத்தத்துக்கு

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 வீதம் ஒட்சிசன். நுரையீரலில் கோடிக்கணக்கான சிறு காற்றறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவரைக் கடந்து ஒட்சிசன் இரத்தத்தில் சேர்கிறது. அங்கே செங்குழியங்களில் உள்ள ஈமோகுளோபின் அதைப் பற்றிக்கொள்கிறது. இரும்பு இல்லாமல் ஈமோகுளோபின் உருவாகாது. மடுவத்திலிருந்து கொழுந்தை ஏற்றிச் செல்லும் லொறியைப் போல, செங்குழியங்கள் ஒட்சிசனைத் தசைகளுக்குக் கொண்டுபோகின்றன. தசையில் அது மாப்பொருளையும் கொழுப்பையும் எரித்துச் சக்தி தருகிறது.

வேலை கூடும்போது

சும்மா இருக்கும்போது வளர்ந்த ஒருவருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ கால் லீற்றர் ஒட்சிசன் போதும். மேடு ஏறும்போதும் நிலம் கொத்தும்போதும் ஒரு லீற்றர், அதற்கு மேலும் வேண்டும். உடம்பு மூன்று வழிகளில் இதைச் சமாளிக்கிறது.

1. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வருகிறது.

2. நிமிடத்துக்கு 5 லீற்றர் இரத்தம் அனுப்பிய இதயம் 10 லீற்றரும் அதற்கு மேலும் அனுப்புகிறது. அதில் பெரும்பங்கு வேலை செய்யும் தசைக்குப் போகிறது.

3. ஓய்வில் இரத்தத்திலுள்ள ஒட்சிசனில் கால் பங்கை மட்டும் எடுக்கும் உடம்பு, இப்போது பாதியளவும் எடுத்துக்கொள்கிறது. காபனீரொட்சைட்டு கூடிய இடத்தில் இரத்தம் ஒட்சிசனை எளிதில் விட்டுக்கொடுக்கிறது என்பதை டென்மார்க் அறிஞர் கிறிஸ்டியன் போர் 1904இல் காட்டினார்.

இந்த ஏற்பாடு முழுதாக இயங்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். ஆகவே முதல் மேட்டை மெதுவாக ஏறுவதே நல்லது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது நடுத்தர வேகம்.

எங்கே குறை?

முதலாவது, நீண்ட நாள் அசையாதிருத்தல். உடம்பில் இரத்தத்தின் அளவு குறைகிறது. இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தமும் குறைகிறது. படிப்படியாக வேலை செய்தால் சில வாரங்களில் திரும்பப் பெறலாம்.

இரண்டாவது, இரத்தச்சோகை. லொறி குறைந்தால் பாதை நன்றாயிருந்தும் கொழுந்து போய்ச் சேராது. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் நடந்த ஓர் ஆய்வு 1979இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. இரும்புச்சத்துக் கொடுத்து ஒரு மாதத்தில், ஈமோகுளோபின் கூடியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் கொழுந்து எடுத்தார்கள். சோகை கடுமையாக இருந்தவர்களிடமே முன்னேற்றம் அதிகம். குறை அவர்களின் மனதில் அல்ல, இரத்தத்தில்தான் இருந்தது.

நாம் செய்யக்கூடியவை

• முதல் வாரம் அரை நாள் வேலை போதும். இடையிடையே இளைப்பாறி, வாரம் தோறும் கூட்டிக்கொள்ளுங்கள்.

• சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அதன் சாயம் இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

• பருப்பு, கீரை, நெத்தலிக் கருவாடு சேருங்கள். தேசிக்காய், கொய்யா, நெல்லி இரும்பு உடம்பில் சேர உதவும்.

• கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும். செருப்பு அணியுங்கள், மலசலகூடத்தைப் பாவியுங்கள், பூச்சி மருந்தைத் தவறவிடாதீர்கள்.

• அடுப்புப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, ஒட்சிசனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புகை போக வழி செய்யுங்கள்.

• அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். 100 மில்லிலீற்றரில் ஈமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் சோகை. கர்ப்பிணிகளுக்கு அளவு வேறு. குடும்ப நல மாதுவிடம் கேளுங்கள். இரும்பு மாத்திரையைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

ஓய்விலும் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கால் வீக்கம், மயக்கம் இருந்தால் வேலையை விட்டு உடனே வைத்தியரிடம் போகவேண்டும்.

குழுவாகச் செய்து பார்க்க

இருந்தபடி ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். ஒரு மேடு ஏறியவுடன் எண்ணுங்கள். ஐந்து நிமிடம் இளைப்பாறி மறுபடி எண்ணி, மூன்றையும் குறித்துவையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே மேட்டை ஏறிப் பாருங்கள். நாடி முன்னைவிடச் சீக்கிரம் இறங்கினால் உடம்பு தேறி வருகிறது. இறங்காதவர் யார் என்று பார்த்து, அவரை இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிச் செல்வது யார் என்பதையும் கூட்டத்திலேயே தீர்மானியுங்கள்.