யக்ஷன், இயக்கி, ஜாகாயி

கேனோபநிஷதத்தின் மூன்றாம் கண்டத்தில் ஒரு கதை வருகிறது. போரில் வென்ற தேவர்கள், அவ்வெற்றி தம்முடையதே எனச் செருக்குற்றனர். அப்போது அவர்கள் முன்னிலையில் யக்ஷம் ஒன்று தோன்றியது. அது யாதென அறிந்து வரச் சென்ற அக்னியால் ஒரு துரும்பை எரிக்க இயலவில்லை. வாயுவால் அதே துரும்பை அசைக்கவும் இயலவில்லை. இந்திரன் நெருங்கியபோது அது மறைந்துபோயிற்று. அவ்விடத்தே காட்சியளித்த உமா ஹைமவதிதான் அது பிரம்மம் என்று உணர்த்தினாள்.

இக்கதையைப் பலமுறை கேட்டவர்களும் ஒரு சொல்லில் சற்று நின்று சிந்திப்பதில்லை. பரம்பொருளைச் சுட்ட உபநிஷதம் 'யக்ஷம்' என்ற சொல்லை ஏன் எடுத்தாண்டது? அச்சொல் நம் செவியில் விழும்போது நம் மனத்தில் எழும் உருவம் எது?

புணேயை அடுத்த ஆகுர்டியை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலைகளை நாடிப் பல மாநிலத்தார் வந்து குடியேறிய பகுதி அது. அங்கே ஒரு மராட்டியர், ஒரு கேரளத்தவர், ஒரு திருநெல்வேலிக்காரர் ஆகிய மூவரும் ஒன்றாக அமர்ந்து இப்பகுதியைப் படிப்பதாகக் கொள்வோம். சொல் ஒன்றே, ஆனால் மூவரும் மூன்று வேறு உருவங்களைக் காண்பர்.

கேரளத்தவருக்கு யக்ஷி என்றால் அச்சம். இரவில் பாலை மரத்தடியில் அழகிய பெண்ணாக நின்று, வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு, அவனை மயக்கிக் கொல்பவள் அவள். பாலக்காடு மாவட்டத்து மலம்புழை அணைத் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் அமைத்த பெருஞ்சிலையும் யக்ஷியின் சிலையே.

திருநெல்வேலிக்காரருக்கோ அவள் இசக்கி. யக்ஷி என்பது தமிழில் இயக்கி ஆயிற்று. நேயம் நேசம் ஆனதுபோல, ஆகாயமும் ஆகாசமும் ஒன்றே ஆனதுபோல, இயக்கி இசக்கி ஆனாள். சமணத்தில் தீர்த்தங்கரர் ஒவ்வொருவருக்கும் ஒரு யக்ஷனும் ஒரு யக்ஷியும் காவலாக உண்டு. தென்னாட்டில் இயக்கி வழிபாடு தழைத்ததற்குச் சமணத்தின் பங்கு பெரிது. சிலப்பதிகாரத்தில் மாதரி என்னும் ஆயர் முதுமகள், மதுரைப் புறஞ்சேரியில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் வழியில்தான் கவுந்தியடிகளைச் சந்திக்கிறாள். கண்ணகியை அடைக்கலமாக ஏற்கிறாள். அந்த இயக்கியின் வழிவந்தவளே, இன்று கையில் குழந்தையுடன் நின்று பிள்ளைப்பேறு தரும் இசக்கியம்மன். அவளிடத்தும் உக்கிரம் உண்டு. முப்பந்தல் இசக்கியின் கதை வஞ்சமும் பழியும் நிறைந்ததே. ஆயினும் பெற்ற பிள்ளைக்கு இசக்கிமுத்து என்று பெயர் சூட்டும் தாய், பேயின் பெயரையா சூட்டுகிறாள்?

மராட்டியருக்கு அவள் ஜாகாயி. வடமொழிச் சொற்கள் பேச்சுமொழியில் புகும்போது முதலில் நிற்கும் யகரம் ஜகரமாவது வழக்கம்; யோகி ஜோகியானதும், யாத்திரை மராட்டியில் ஜத்ராவானதும் இவ்விதமே. 'க்ஷ' என்பது 'க்க' என ஒலித்தது. இவ்வாறு பிராகிருதத்தில் 'ஜக்க' என்றான யக்ஷப் பெயருடன், தாயைக் குறிக்கும் 'ஆயி' சேர ஜாகாயி என்றாயிற்று எனக் கொள்வது பொருந்தும். பெயர் தேய்ந்து உருமாறினும் தாய் என்ற உறவை மக்கள் சேர்த்துக்கொண்டதைக் காண்க.

ஆகுர்டிக்கு இதில் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. ஆண்டுதோறும் தேஹுவிலிருந்து பண்டரிபுரம் நோக்கிப் புறப்படும் துகாராம் மகராஜின் பல்லக்கு, தேஹுவை நீங்கியபின் இரவு தங்கும் முதல் ஊர் இதுவே. அந்தத் துகாராமர், தம் அபங்கம் ஒன்றில் ஜாகாயி, ஜோகாயி முதலிய கிராம தேவதைகளைப் பெயர் கூறி விலக்கி, தம் பண்டரிநாதன் அவர்களைப் போன்றவன் அல்லன், தேவர்க்கும் தேவன் என்று முழங்குகிறார். பதினேழாம் நூற்றாண்டில் இப்பகுதி மக்கள் அத்தெய்வங்களை எவ்வளவு நெருக்கமாகப் பற்றியிருந்தனர் என்பதற்கு அவர் விலக்கியதே சான்று.

கீதையிலும் இருமுகம் காண்கிறோம். பதினேழாம் அத்தியாயத்தில் யக்ஷ ராக்ஷசர்களை வழிபடுவோரை ராஜஸ குணத்தினர் என்கிறார் பகவான். பத்தாம் அத்தியாயத்திலோ, யக்ஷ ராக்ஷசருள் தாம் குபேரன் என்று அவரே கூறுகிறார்.

கடல் கடந்தும் இச்சொல் சென்றது. பாலியில் 'யக்க' என்றாகி இலங்கையை அடைந்தது. சிங்களத்தில் 'யகா' என்றால் இன்று பேய்தான், நோய் தரும் யகாக்களை விரட்டத் தொவில் என்னும் சடங்கே உண்டு. தாய்லாந்திலோ 'யக்' வாயிற்காப்போன். பாங்காக்கின் வாட் அருண் ஆலயத்தில் கதை தாங்கி நிற்கும் அவ்வுருவங்களைச் சுவர்ணபூமி விமான நிலையத்திலும் காணலாம். ஜப்பானில் 'யாஷா' எனப்படுகிறது. அங்கே மருத்துவ புத்தரைச் சூழ்ந்து காக்கும் பன்னிரு தளபதியரும் யக்ஷர்களே. ஓரிடத்தில் நோய் தருபவன், மற்றோரிடத்தில் மருத்துவருக்குக் காவல்!

இத்தனை முகங்களுக்கும் அடியில் நிற்பது யாது? மரம், நீர்நிலை, மலை, புதையல் இவற்றைத் தனதாக்கிக் காத்து நிற்பதும், அனுமதியின்றி நெருங்குவோனைத் தடுப்பதுமான ஓர் ஆற்றலே அது. வனபர்வத்தில் பாண்டவரை நீர் பருக விடாமல் தடுத்த பொய்கை யக்ஷன் இதற்குச் சிறந்த உதாரணம். அவன் கேள்வி கேட்டான். விடையளிக்காமல் நீரைத் தொட்ட நால்வரும் வீழ்ந்தனர். யுதிஷ்டிரர் ஒருவரே நின்று விடையளித்தார். பின்னர் அந்த யக்ஷன் தர்மதேவதையே என அறிந்தார். விடை காணக் கடினமான பிரச்சினையை மராட்டி, ஹிந்திப் பத்திரிகைகள் இன்றும் 'யக்ஷப்ரச்ன' என்றே எழுதுகின்றன.

உபநிஷதத்தின் யக்ஷமும் வந்தவரைத் தடுத்து, நீ யார், உன்னிடம் என்ன ஆற்றல் உண்டு என வினவுகிறது. ஆகவே அச்சொல் அங்குத் தற்செயலாக அமைந்ததன்று. ஸ்ரீ சங்கரர் தம் பாஷ்யத்தில், வணங்கத்தக்க மகத்தான பூதம் என்று அதற்குப் பொருள் உரைக்கிறார். இங்கே தமிழ் வாசகர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். வடமொழியில் பூதம் என்றால் 'உள்ள பொருள்' என்று பொருள். அதைத் தமிழில் அப்படியே 'பூதம்' எனப் பெயர்த்தால், சிறுவர் கதையில் வரும் பூதமே நம் முன் வந்து நிற்கும். யக்ஷம் என்றே வைத்து விளக்கம் தருவதுதான் முறை என்பது என் கருத்து.

இன்னொரு நுட்பமும் உண்டு. புராணங்களின் யக்ஷன் ஆண்பால், யக்ஷி பெண்பால். கேனத்தில் வருவதோ 'யக்ஷம்' என்னும் நபும்ஸகச் சொல். தமிழில் 'அது' என்றே சொல்லத்தக்கது. அதர்வவேதத்தின் பத்தாம் காண்டம், ஒன்பது வாயில்கள் கொண்ட நகரமாகிய இவ்வுடலினுள் உறைவதையும் இச்சொல்லாலேயே குறிக்கிறது. பிருஹதாரண்யகத்தின் ஐந்தாம் அத்தியாயம், முதலில் தோன்றிய மகத்தான யக்ஷம் என்று சத்தியமாகிய பிரம்மத்தைக் கூறுகிறது. இவ்விரு இடங்களையும் கேனத்தின் அருகில் வைத்துப் படிக்கும் அன்பர், உமாதேவி வருமுன் இந்திரன் எதன் எதிரே நின்றான் என்பதைத் தெளிவாகக் காண்பர்.