கெகல் பயிற்சியும் தாய்மார் நலனும்

உழைப்போரின் உடல்நலமும் நாட்டின் மூலதனமே என்பது இன்று பொருளியலார் யாவரும் ஒப்புக்கொண்ட கருத்தாகும். ஆயினும் வெளியே சொல்லப்படாத நோய்கள் எந்தக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. மகப்பேற்றுக்குப்பின் பெண்களுக்கு ஏற்படும் சிறுநீர்க் கசிவு இத்தகையது. இருமும்போதும் தும்மும்போதும் சுமை தூக்கும்போதும் சிறுநீர் கட்டுக்கடங்காது வெளியேறுவதை, பிள்ளை பெற்றவர்களுக்கு இது இயல்பே எனக் கருதிப் பலர் வாய்திறவாது பொறுத்துக்கொள்கின்றனர். நாற்று நடும் பெண்ணுக்கும் செங்கல் சுமக்கும் பெண்ணுக்கும் இது நாணத்தை மட்டுமன்றிக் கூலி இழப்பையும் தரக்கூடும்.

ஆய்வின் அடிப்படை

முன்னிடுப்பு எலும்பிலிருந்து வால் எலும்புவரை தொட்டில்போல் அமைந்துள்ள தசைகள் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. இருமும்போது வயிற்றினுள் அழுத்தம் உயர்கிறது. அவ்வேளையில் இத்தசைகள் இறுகிச் சிறுநீர் வழியை மூடுகின்றன. பிரசவத்தின்போது அவை பெரிதும் விரிந்து தளர்வதால் இந்தக் காப்பு குன்றுகிறது.

தளர்ந்த தசையைப் பயிற்சியால் மீண்டும் வலுப்படுத்தலாம் என்பதை விளக்கி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் கட்டுரை வெளியிட்டார். 1951-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலும் இதுபற்றி எழுதினார். வாய்மொழியாகச் சொல்வது மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத தசை சரியாக இறுகுகிறதா என்பதைப் பெண்ணே கண்டறியும் பொருட்டு, அழுத்தத்தை முள்ளால் காட்டும் பெரினியோமீட்டர் என்னும் கருவியை அவர் அமைத்தார்.

பிற்கால முடிவுகள்

2018-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 14 நாடுகளைச் சேர்ந்த 1,817 பெண்கள் பங்குகொண்ட 31 சோதனைகளை ஆராய்ந்தது. இருமல், சுமை ஆகியவற்றால் கசிவுற்றோரில், பயிற்சி பெற்றவர்களுள் 56 விழுக்காட்டினர் குணமடைந்ததாகக் கூறினர். பயிற்சி பெறாதவர்களுள் 6 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர்.

இதனுடன் 1991-இல் வெளியான மற்றோர் ஆய்வையும் சேர்த்து நோக்க வேண்டும். 47 பெண்களுக்குச் சுருக்கமாக வாய்மொழி விளக்கம் மட்டும் அளித்துச் சோதித்தபோது, சுமார் பாதிப்பேரே சரியாகச் செய்தனர். நான்கில் ஒருவர் கசிவை மிகுவிக்கக்கூடிய முறையில், கீழ்நோக்கி முக்கினர். கெகல் கருவியை நாடியதன் காரணம் இதனால் தெளிவாகும்.

செய்முறை

சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் தசையை உள்நோக்கி மேலே இழுத்து, சில விநாடிகள் நிறுத்திப் பின்பு முழுமையாகத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்குவதும் வயிற்றையோ தொடையையோ இறுக்குவதும் கூடாது. ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளொன்றுக்கு 3 வேளை, பயிற்சியாளரின் மேற்பார்வையில் 3 மாதமேனும் செய்ய வேண்டும் என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறியாகும்.

எல்லாக் கசிவும் இதனால் தீர்ந்துவிடாது. தடைப்பட்ட பிரசவத்தால் சிறுநீர்ப்பையில் துளை விழுந்து இடைவிடாது சிறுநீர் வடிவது வேறு நோய். அதற்குப் பெரும்பாலும் அறுவை மருத்துவமே தேவைப்படும். எரிச்சலோ இரத்தமோ காணப்படின் மருத்துவரை அணுகுவதே முறை.

செலவு எது?

இப்பயிற்சிக்கு மருந்துச் செலவு இல்லை. படுக்கை வசதியும் வேண்டியதில்லை. ஆனால் கற்பிப்பவரின் நேரம் தேவை. அதுவே இதன் உண்மையான விலையாகும். விலையில்லா மருத்துவம் என எண்ணித் துண்டுப் பிரசுரத்தோடு நிறுத்திக்கொண்டால், தவறாகச் செய்பவர்கள் பயனின்றிச் சோர்ந்து, பயிற்சியையே குறைகூறுவர்.

2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கீழ் உருவான ஆஷா பணியாளர்கள், மருத்துவமனையில் பிரசவித்த தாயின் இல்லத்திற்குச் சிசுப் பராமரிப்பின் பொருட்டு 42 நாட்களுக்குள் 6 முறை செல்லுமாறு விதிக்கப்பட்டுள்ளது. அவ்வேளையில் தாயிடமும் கசிவு உண்டா எனத் தனிமையில் ஒரு கேள்வி கேட்கலாம். உண்டெனில், பயிற்சி பெற்ற செவிலியரிடம் அனுப்பி, தசை சரியாக இயங்குகிறதா எனச் சோதிக்கச் செய்யலாம். எனினும், முன்னரே பணிச்சுமை மிகுந்த இவ்வூழியரிடம் புதுக் கடமையை ஒப்படைக்கும்போது, அதற்குரிய பயிற்சியும் ஊதியமும் சேர்த்தே வழங்குவது நியாயமாகும். தாய் வாய்திறந்து சொல்லக் கூச்சப்படும் குறையை முதலில் கேட்டறிவதே இத்துறையில் செய்யத்தக்க முதல் முதலீடு எனலாம்.